குத்துவிளக்கு அழிச்ச கையெழுத்து

என் அருமை ராட்சசி ரேவதிக்கு,

"எங்கிருந்தாலும் நல்லா இரு"ன்னு ஆரம்பிக்கணுமாம். எனக்கு வரலை. நீ நல்லா இருந்திருந்தா நான் ஏன் இதை எழுதறேன்? உன் முதல் நினைவு நாளுக்கு உங்க அண்ணன் சேகர் ஒரு நினைவு மலர் அச்சுப் போடறார். "நீங்கதாங்க அவகிட்ட ரொம்ப நாள் கத்துக்கிட்டவங்க, ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க"ன்னார். இதுதான் அந்த ரெண்டு பக்கம். போட்டா போடட்டும். போடலைன்னா மண்டபத்துல நானே எழுந்து படிச்சுடறேன்.

செத்தவங்களைக் குறை சொல்லக் கூடாதும்பாங்க. ஏன்? திருப்பிப் பேச முடியாதுன்னா? உசுரோட இருந்தப்ப மட்டும் நான் கேட்டதுக்கு நீ நேரா பதில் சொன்னியாடி?

சேதி சொல்றேன், கேட்டுக்கோ. அடி அண்ணாமலையில நீ குடியிருந்த வீட்டை, வீட்டுக்காரர் ரூம் ரூமா தடுத்து, பௌர்ணமிக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடறார். நீ படம் போட்ட தகரக் கொட்டகையில இப்ப பைக் நிறுத்தறாங்க. பக்கத்து வீட்டம்மா பாக்கற ஆள்கிட்டயெல்லாம், "அந்த மெழுகுப் புகைதான் அந்தப் பொண்ணைக் கொன்னுடுச்சு"ன்னு சொல்லிட்டிருக்கு. டெங்குக் காய்ச்சல்தான்னு நான் எத்தனை தரம் சொன்னாலும் கேக்கல. ஜனங்களுக்குக் காய்ச்சல்ல செத்தா போதாது, ஒரு காரணம் வேணும்.

மலர் படிக்கறவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல சூப்பரின்டெண்டா இருந்து ரிடையர் ஆனவ நான். நீ என்னைவிட பதினஞ்சு வயசு சின்னவ. சென்னையில ஓவியம் படிச்சுட்டு, புருஷன் வேணாம்னு வந்துட்டு, துணி, காகிதம், துருப்புடிச்ச தகரம், மெழுகுன்னு கண்டதையும் ஒரே பலகையில சேத்துப் படம் பண்ணிட்டிருந்தவ. கேட்டா மிக்ஸட் மீடியாம்பே.

ஒரு திங்கக்கிழமை மனு நாள்ல வந்தே. தெருவிளக்கு எரியலைன்னு மனு. கை பூரா சாயம். "என்னம்மா, சாயப்பட்டறையில வேலையா?"ன்னு கேட்டேன். "இல்லக்கா, மெழுகுல படம் போடறேன். வந்து பாருங்களேன்"னே. மனு வாங்கற எடத்துல எங்களை யாரும் எங்கயும் கூப்பிட்டதில்ல, திட்டிட்டுத்தான் போவாங்க. அதுக்காகவே அந்த சனிக்கிழமை பஸ் ஏறி வந்தேன்.

கரண்டு அடுப்பு மேல தோசைக்கல்லைப் பாத்துட்டு, அடடா டிபன் போடப் போறாளேன்னு நெனச்சேன். கிட்ட போனா கல்லு மேல தகர டப்பாவுல செவப்பு, காவி, நீலம்னு மெழுகு உருகிட்டிருக்கு. பிரஷ்ஷை என் கையில குடுத்தே. டப்பாவுல தோய்ச்சு பலகைக்குக் கொண்டு போறதுக்குள்ள கெட்டியாயிடுச்சு. "யோசிக்கறீங்களாக்கா? யோசிச்சா ஒறஞ்சுடும்"னு சிரிச்சே. வாழ்க்கை பூரா ஃபைல்ல யோசிச்சு யோசிச்சு எழுதின கை இது. அன்னைக்குத்தான் மொதமொதல்ல யோசிக்காம ஒரு காரியம் பண்ணுச்சு.

அதுக்கப்புறம் சனிக்கிழமைன்னா எனக்கு வேற ஊரு இல்ல. அக்கா நீங்கன்னது அக்கா நீயாச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் அனல் ஊதற ஹீட் கன்னைப் பிடிச்சு சூடு காட்டச் சொன்னே, மேல இருக்கறது கீழ இருக்கறதோட ஒட்டிப் போற வரைக்கும். சூடு கம்மியானா அப்பளம் மாதிரி பேந்து வந்துடும், ஜாஸ்தியானா படமே ஓடிடும். பிளேடால சுரண்டு, ஊசியால கீறு, கீறல்ல எண்ணெய்ச் சாயத்தைத் தேய்ச்சுத் தொடை, கோடு மட்டும் நிக்கும்னே. சாயம் படிய மாட்டேங்குதுன்னு நான் முனகினா, "கோவம் வந்தா கோவமாவே சுரண்டுக்கா, அதுவும் படத்துல வரட்டும்"பே. "கண்ணால பாத்ததைப் போடணும்னா போன்ல போட்டோ புடிச்சுக்கோ. உனக்குள்ள என்ன ஆச்சோ அதைப் போடு"ன்னும் சொல்லுவே. நல்லாத்தான் கத்துக் குடுத்தே, அதுல ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும். நாங்க நயினாருங்க, இந்த ஜில்லாவுல பரம்பரையா இருக்கற ஜைனக் குடும்பம். எங்க வீட்டுல தேன் தொட மாட்டோம். மருந்துக்குக்கூட குழைக்க மாட்டோம். ஒரு கூட்டைக் கலைச்சு எத்தனையோ உசுரை அழிச்சு எடுக்கறது அது. உன் டப்பாவுல உருகினது தேன்மெழுகுன்னு எனக்குக் கொஞ்ச நாள் கழிச்சு வாசனையிலதான் தெரிஞ்சுது. "மெழுகுவத்தி மெழுகு ஆகாதா?"ன்னு கெஞ்சினேன். "அது ஒடிஞ்சுடும்க்கா"ன்னுட்டே. எந்திரிச்சு வந்திருக்கணும். கை கேக்கல.

வீட்டுல மெழுகுவத்தி மெழுகுன்னே சொல்லி வச்சேன். போட்ட பலகை ஒண்ணைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல, எல்லாம் உன் செவுத்துலயே தொங்குச்சு. கையெழுத்தும் போடல. பேரைப் போட்டா அந்தப் பாவம் என் தலையில ஏறிடும்னு ஒரு பயம். பேர் இல்லாட்டி ஏறாதா என்ன? ஆனா அப்ப அப்படித்தான் தோணுச்சு.

உன்கிட்ட கத்துக்க வந்த வெள்ளைக்காரங்க, மெட்ராஸ்காரங்க எல்லாரும் மலையைத்தான் போட்டாங்க. நான் மலையைப் போடல. மனு நாள் ஜனத்தைப் போட்டேன். பிளாஸ்டிக் கவர்ல காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு, புங்கமரத்தடியில, நிழல் நகர நகரக் கூடவே நகர்ற ஜனம். முகம் இல்ல, முதுகு மட்டும். இத்தனை வருஷமா மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்து அவங்க முகத்தைப் பாத்துட்டேன். அவங்க திரும்பிப் போறப்ப தெரியற முதுகுதான் என்னைத் தூங்க விடாது.

சூடு காட்டறப்ப ஒரு ஆள் உருகி ஓடிப் பக்கத்து ஆள் மேல ஒட்டிக்கிச்சு. ஐயோன்னு பதறினேன். நீ என் மணிக்கட்டைப் பிடிச்சு, "விடுக்கா, அப்படித்தானே நிப்பாங்க"ன்னே. நெஜம்தான். அப்படித்தான் நிப்பாங்க. அந்தப் படத்துல உன் கை பட்டது அவ்வளவுதான், அதுவும் என் மணிக்கட்டுல. ஒரு கோடு நீ போடல, ஒரு பூச்சு நீ பூசல. இதை அழுத்தமா எழுதறேன்.

அப்புறம் சென்னையில உன் கண்காட்சி. எங்க வீட்டுல ஒரு கல்யாணம், நான் வரலை. மறுநாள் பேப்பரைப் பிரிச்சா என் படம். கீழ உன் பேரு, படத்து மூலையிலயும் உன் கையெழுத்து. ஏழை ஜனங்க காத்துக் கெடக்கற வலியை நீ அனுபவிச்சு வரைஞ்சிருக்கியாம், எழுதியிருக்கான் ஒருத்தன். அடிப்பாவி! நீ எங்க ஆபீசுக்கு வந்ததே ஒரு தரம், அதுவும் தெருவிளக்குக்கு. உன் மனுவை வந்த ஒடனே வாங்கிட்டாங்க, வாங்க வச்சதே நான்தான். நீ எங்கடி காத்துக் கெடந்தே?

சனிக்கிழமை வந்து பேப்பரை உன் முன்னாடி வச்சேன். நீ காபி ஆத்திட்டிருந்தே.

"அக்கா, நீ பேரே போடலியே. கேலரி ஆளுங்க வந்து செவுத்துல இருந்ததையெல்லாம் வண்டியில ஏத்திட்டாங்க. அங்க போனா அத்தனை பேரும் அது முன்னாடியே நிக்கறாங்க. யாருதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல? உன் பேரைச் சொன்னா உன் வீட்டுல தெரிஞ்சுடும்ல?"

"மூலையில உன் பேரைக் கீறியிருக்கியே ரேவதி, அதுவும் எங்க வீட்டுக்காகவா?"

டம்ளரை என் பக்கம் தள்ளி, "சர்க்கரை போதுமாக்கா?"ன்னே. அவ்வளவுதான் உன் பதில். எங்க வீட்டுல தேனைத்தான் தொட மாட்டோம், பழமொழிக்குத் தடையில்ல: தேன் எடுக்கறவன் பொறங்கையை நக்காம இருப்பானா? நீ நக்கிட்டுக் கையையும் தொடைச்சுட்டே.

அன்னைக்கே சண்டை போட்டுப் பிரிஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். எனக்கு அந்த மெழுகு வேணும், அந்தச் சூடு வேணும். மானம் கெட்டு மறு சனிக்கிழமையும் வந்தேன். இன்னைக்குச் சொல்லுவா, இன்னைக்கு ஒரு வார்த்தை மன்னிச்சுடுக்கான்னு சொல்லுவான்னு ஒவ்வொரு வாரமும் உன் வாயைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். நீ காபி குடுத்தே, பிரஷ் குடுத்தே, ஊர்க்கதை பேசினே. படம் திரும்பி வந்து பழைய ஆணியிலயே தொங்குச்சு, மூலையில உன் பேரோட. அதுக்குக் கீழ உக்காந்துதான் ரெண்டு பேரும் வேலை பாத்தோம்.

அதை நல்ல விலைக்குக் கேட்டாங்களாம், நீ குடுக்கலையாம். ஏன் குடுக்கல? பத்மாக்காவுதுன்னு மனசு உறுத்துச்சா? இல்ல, உன்னுதுன்னே நம்பிட்டியா? இதைக் கேட்டுடணும்னு ஒரு சனிக்கிழமை தீர்மானம் பண்ணிட்டுக் கெளம்பறேன், காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு போன் வருது. ஆஸ்பத்திரி கட்டில்ல இருக்கறவகிட்ட போய் என் பேரு எங்கடின்னா கேக்க முடியும்? நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் உன்னைப் பாத்தது கண்ணாடிப் பெட்டியிலதான்.

இனிமேதான் கூத்து. உன் பதினாறாம் நாள் காரியம்.

உங்க அண்ணன் நீ புருஷனை விட்டுட்டு வந்ததுலருந்து உன்னோட பேசாதவர், "மெழுகு பொம்மை பண்ணிட்டுத் திரியறா"ன்னு சொன்னவர். செத்ததும் அவருக்கு நீ பெரிய ஓவியராயிட்டே. போட்டோவுக்குப் பதிலா, பேப்பர்ல வந்த படத்தையே வச்சுட்டாங்க. என் படத்தை. அவங்களை என்ன சொல்ல? நம்ம பக்கம் செத்தவங்க படம்னா சந்தனம், குங்குமம், மாலை, முன்னாடி விளக்கு. உங்க அண்ணி நாலு மூலைக்கும் பொட்டு வச்சு, ரோஜா மாலை போட்டு, குத்துவிளக்குல அஞ்சு முகமும் ஏத்தி, படத்தை ஒட்டினாப்ல வச்சுட்டாங்க. கண்ணாடி போட்ட போட்டோன்னா ஒண்ணும் ஆகாது. மெழுகாச்சே!

நான் உள்ள நுழையறேன், ஐயர் மந்திரம் சொல்லிட்டிருக்கார், என் ஜனம் உருகிட்டிருக்கு. "விளக்கைத் தள்ளுங்க, விளக்கைத் தள்ளுங்க"ன்னு கத்தினேன். யாரோ தோளைப் பிடிச்சு, "மனசைத் தேத்திக்குங்கம்மா"ன்னு உக்கார வச்சாங்க. ஏத்தின விளக்கை நகத்தக் கூடாதாம், ஆகாதாம். மெழுகு சொட்டுச் சொட்டா ஸ்டூல்ல விழுது. ஒரு பெரியவர், "படம் அழுவுது பாருங்க"ன்னார். அவ்வளவுதான், அத்தனை பேரும் எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டாங்க.

விளக்கு அணையறதுக்குள்ள கீழ் வரிசை ஜனம் மொத்தமும் ஓடிப் போச்சு. வலது மூலையும் போச்சு. உன் கையெழுத்து இருந்த மூலை. சத்தியமாச் சொல்றேன், கண்ணுல தண்ணி ஓடுது, உள்ளுக்குள்ள ஒரு நொடி சந்தோஷம் வந்துச்சு. நான் கேக்க முடியாததை ஒரு குத்துவிளக்கு கேட்டுடுச்சேன்னு.

போன வாரம் உங்க அண்ணன் அந்தப் பலகையை வேட்டியில சுத்தி எங்க வீட்டுக்குக் கொண்டாந்தார். கூட ஒரு எவர்சில்வர் சொம்பு. ஸ்டூல்ல வழிஞ்ச மெழுகு அதுல இருந்துச்சு. குங்குமம் பட்டதைக் குப்பையில போடக் கூடாதுன்னு உங்க அண்ணி சொரண்டி எடுத்து வச்சிருந்தாங்களாம்.

"மெட்ராஸ்லருந்து பெரிய ஆளுங்கல்லாம் நினைவு நாளுக்கு வராங்க. எப்படியாவது பழையபடி ஆக்கிக் குடுத்துடுங்க. தேன்மெழுகுதானாமே, எவ்வளவு வேணும்னாலும் நான் வாங்கித் தர்றேன்"னார்.

எங்க வீட்டுக்காரர் பேப்பரை மடிச்சுக் கீழ வச்சார். கீழ்பென்னாத்தூர்ல வேர்க்கடலை மண்டி வச்சிருந்தவர். இருட்டுல பூச்சி பொட்டு விழுந்து செத்துடக் கூடாதுன்னு பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கற மனுஷன். இத்தனை வருஷம் நான் மெழுகுவத்தியை உருக்கிட்டிருக்கேன்னு நம்பினவர்.

உங்க அண்ணன் அதைக் கவனிக்கல. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "அவ கையெழுத்தும் அழிஞ்சுடுச்சுங்க. அதையும் நீங்களே போட்டுடுங்க. அவ எழுத்து உங்களுக்குத்தான் அத்துப்படி"ன்னார்.

என் படத்துல உன் பேரை என் கையால எழுதணும். கேட்டியாடி?

அவர் போனப்புறம் எங்க வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"தேன்மெழுகா?"

"ஆமாங்க."

"மெழுகுவத்தின்னே."

"பொய் சொன்னேன்."

"சரி. பேர் போடச் சொன்னதுக்கு எதுக்கு அழுவறே?"

எல்லாத்தையும் கொட்டினேன். படம் என்னுதுன்னு நான் வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். கேட்டுட்டுக் கண்ணாடியைக் கழட்டி வச்சார். அப்புறம் சொன்னார்: "தேனீகிட்ட கேட்டா எடுத்தீங்க ரெண்டு பேரும்? உங்கிட்ட மட்டும் அவ கேட்டு எடுப்பாளா?"

செவுத்துல அடிச்ச பந்து மாதிரி மூஞ்சியில வந்து விழுந்துச்சு. இருந்தாலும் சொல்றேன் ரேவதி, தேனீக்கு நான் பதில் சொல்லிக்கறேன். எனக்கு நீ பதில் சொல்லியிருக்கணும்.

மறுநாள் காலையில அவரே பரண் மேலருந்து ஒரு பழைய தோசைக்கல்லை எடுத்து ஒட்டடை தட்டிக் குடுத்தார். "கொல்லையில வச்சு செய். புதுசா ஒரு பொட்டு மெழுகு வாங்கக் கூடாது. இருக்கறதை வச்சு முடி. இந்தக் கல்லு மறுபடி சமையக்கட்டுக்கு வரக் கூடாது"ன்னார்.

சொம்புல இருந்ததை உருக்கினேன். குங்குமமும் சந்தனமும் கலந்து செங்கல் நெறத்துல வந்துச்சு. வடிகட்டிப் பாத்தேன், போகல. நீ இருந்திருந்தா, "இதான்க்கா மிக்ஸட் மீடியா"ன்னு குதிச்சிருப்பே. அதை வச்சே கீழ் வரிசையைத் திரும்ப நிக்க வச்சேன். இப்ப எல்லார் முதுகும் செவப்பு, வெயில்ல வெந்தாப்ல. நல்லாத்தான் இருக்கு. முன்னைக்கு இப்ப இன்னும் நல்லாருக்குன்னுகூடச் சொல்லுவேன், உனக்குப் பிடிக்காட்டிப் போ.

மெழுகு பத்தல. முன்ன இருந்த அத்தனை பேரையும் கொண்டார முடியல. வரிசைக் கடைசியில ஒரு ஆள் எடம் காலியா நின்னுச்சு. சொம்போட அடியைச் சுரண்டி, யோசிக்காம, ஒறையறதுக்குள்ள அங்க ஒருத்தியை நிக்க வச்சேன். கிராப்பு வெட்டின தலை, கை பூரா சாயம், ஜோல்னாப் பை. யாருன்னு உனக்குத் தெரியும். சூடு காட்டினப்ப அவ முன்னாடி நின்ன ஆள் மேல சாஞ்சு ஒட்டிக்கிட்டா. நான் விட்டுட்டேன். அப்படித்தானே நிப்பாங்க. நீ இப்ப நெஜமாவே காத்துக் கெட.

அப்புறம் மூலை. ஊசியை எடுத்தேன். உங்க அண்ணன் சொன்னது சரிதான், உன் கையெழுத்து எனக்கு அத்துப்படி. முதல் எழுத்துக்கு ஒரு சுழியைப் போட்டு, கடைசியில வாலை இழுத்து விடுவே. கண்ணை மூடிட்டுக்கூடப் போடுவேன். ஊசி முனையை மெழுகுல வச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா உன் பேரையே போட்டிருப்பேன்டி. சத்தியமா போட்டிருப்பேன்.

என் பேரைக் கீறினேன். பத்மாவதின்னு முழுசா. கோணலா வந்துச்சு, பழக்கமில்ல பாரு. கறுப்புச் சாயத்தைத் தேய்ச்சு, பழைய வேட்டித் துணியால தொடைச்சேன். அவர் பின்னாடி வந்து நின்னு கண்ணாடியைப் போட்டுப் படிச்சுட்டு, உள்ள போயிட்டார்.

நினைவு நாளுக்குப் படத்தை நானே தூக்கிட்டு வரேன். இனிமே அது திரும்பி எங்க வீட்டுக்குத்தான் வரும், எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். மெட்ராஸ்காரங்க கேட்டா, கத்துக் குடுத்தவ ரேவதி, வரைஞ்சவ நான்னு சொல்லுவேன். உங்க அண்ணி பொட்டு வைக்கட்டும், மாலை போடட்டும், உன்னை நெனச்சு அழுவட்டும். நானும் அழுவேன், வேற யாருக்காக அழப் போறேன்? ஆனா ஏத்தறதுக்கு முன்னாடியே சொல்லி, விளக்கை நல்லாத் தள்ளி வைக்க வைப்பேன். யார் என் தோளைப் பிடிச்சு அமுக்கினாலும் உக்கார மாட்டேன்.

உனக்காக இல்லடி. அது என் படம்.

வரிசையில உன்னை நிக்க வச்சுட்டுப் பதிலுக்குக் காத்திருக்கற,
உன் பத்மாக்கா